சுவர்ப்பக்கம் திருப்பிய கதிரை

கொம்பியூட்டர் திருத்துவது என் புருஷன் மிஹ்லாருக்குக் கைவந்த வேலை. எனக்கு அதில் ஆனா ஆவன்னாவும் தெரியாது. ஆனாலும் போன மாதம் அவருடைய கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தவள் நான்தான். இவரோ கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அங்கே தொங்குகிற போன் உறைகளைப் பார்த்தபடி இருந்தார். சாய்ந்தமருதில் இப்படியொரு கடை நடந்ததை வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

எல்லாம் ஸகியா ராத்தாவால் வந்த வேலை. பெண்கள் பக்கத்துக் கலியாணப் படம் என்றால் கல்முனையிலிருந்து மாவடிப்பள்ளி வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் எட்டிப் பார்க்காத அறைக்குள் முக்காடு கழற்றி, பூ வைத்து, நகை போட்டு நிற்கிற மணப்பெண்ணையும் அவளைச் சூழ்ந்து நிற்கிற பெண்களையும் அவருடைய கமராதான் பிடிக்கும். மௌத்தாவதற்கு முன் மகள் நதீராவிடம் அவர் வஸிய்யத்தாக, கடைசி விருப்பமாகச் சொன்னது ஒன்றே ஒன்று. நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்குள் தன் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கிற கலியாணப் படங்கள் அத்தனையையும் அழித்துவிட வேண்டும். அழிக்கும்போதும் ஓர் ஆணின் கண் அவற்றில் படக்கூடாது. பிற ஆண்கள் அந்தப் படங்களைப் பார்த்தால் அதன் பாரம் படம் பிடித்தவளின் கபுறுக் குழிக்குள்ளும் வரும் என்று அவர் பயந்திருந்தார். எங்கள் ஊரில் அப்படிப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நதீரா ஒரு பெரிய பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாள். உள்ளே பழையதும் புதியதுமாக டிஸ்க்குகள். ஒன்றிலும் ஓர் எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை. பெயர் எழுதினால் யாராவது தேடி எடுத்துவிடுவார்கள் என்று ராத்தா எழுதாமலே வைத்திருந்தார்.

"இதுக்குள்ள வாப்பாட கணிதப் பாட வீடியோவும் கிடக்கு. எங்கட மூத்த நானாட கம்பஸ் வேலயும் எதிலயோ இரிக்கி. எது எதெண்டு ஆராவது திறந்து பாத்துத்தான் அழிக்கணும். மாமா பாக்க ஏலா. நீங்க பாருங்க மாமி" என்றாள் நதீரா.

"நீங்களே பாருங்களன் மகள்" என்றார் இவர்.

"எனக்கு ஏலா மாமா. வீடியோவுல எல்லாம் உம்மாட குரல் வரும். இஞ்ச பாருங்க புள்ள, கொஞ்சம் சிரிங்க எண்டு சொல்லுவா." அவள் பேணியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமி, நீங்க மையத்துக் குளிப்பாட்டுற ஆள். உம்மாவையும் நீங்கதான் குளிப்பாட்டின நீங்க. கண்டத வெளிய சொல்ல மாட்டீங்க."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் இறந்த பெண்ணின் மையத்தைக் குளிப்பாட்ட என்னைத் தேடி வருவார்கள். குளிப்பாட்டுகிறவள் அந்த உடம்பில் எதைக் கண்டாலும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். நான் விட்டுவிட்டு வருகிறவள். நதீரா கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்று சொல்லிவிட்டேன். பெருநாளைக்குக் கூப்பிட்டாலும் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காதவள் இவ்வளவு சுறுக்காக ஓம் சொன்னது இவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மூன்று வருஷமாக இவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

முதல் டிஸ்க்கில் ஒரு கூத்து நடந்தது. இவர் அதைக் கொம்பியூட்டரில் கொழுவினார், நான் ஒரு கோப்பைத் திறந்து பார்த்துக் கலியாணம்தான் என்றேன், இவர் திரும்பி வந்து ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு முடிந்தது என்றார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலையை நதீரா நம்பவில்லை. அவளுடைய சந்தேகத்தைத் தீர்க்க இவர் அழிந்ததைத் தேடி எடுக்கிற மென்பொருளை ஓடவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மணப்பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். நதீரா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"டிலீட் பண்ணுறது வீட்டு நம்பர் பலகையக் கழட்டின மாதிரித்தான் மகள்" என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே. "வீடும் ஆக்களும் உள்ளுக்கு அப்பிடியே இரிக்கிற. மேலால வேற ஒண்ட எழுதினாத்தான் போகும். முழு டிஸ்க்கிலயும் வெறும் பூச்சியமா எழுதி விடுறன்."

"எத்தின தரம்?"

"ஒரு தரம் போதும்."

"மூண்டு தரம் எழுதுங்க மாமா. மையத்தக் குளிப்பாட்டுறதும் ஒத்தப்படையிலதானே."

"ஒண்டும் ஒத்தப்படைதான் மகள்."

"மூண்டு தரம்" என்றேன் நான். இவர் மூன்று என்றே தட்டினார்.

நான் ஏன் உடனே ஓம் என்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பேணிக்குள் எங்கேயோ என் மகள் முஸ்பிறா இருந்தாள்.

கொரோனாக் காலத்தில் போனவள் அவள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. சின்னதிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு இருந்தது. கொரோனா வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது என்னையும் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மௌத்துச் செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. அப்போதைய சட்டப்படி பெட்டியை மூடி, கொரோனா மையத்துகளுக்கென்று ஒதுக்கிய ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். இவர் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். ஊரார் பெற்ற பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டிய கை இது. என் பிள்ளைக்கு ஒரு செம்புத் தண்ணீர் வார்க்க முடியவில்லை. கடைசியாக முகம் பார்க்கிறது என்று ஒன்று இருக்கிறதே, கபன் துணியை முடிவதற்கு முன் சொந்தக்காரர் வந்து குனிந்து பார்ப்பார்களே, அதுவும் எனக்கு இல்லை.

நான் வீடு வந்தபோது அவளுடைய படம் ஒன்றும் இருக்கவில்லை. என் போனில் இல்லை, அவளுடைய போனில் இல்லை, கொம்பியூட்டரிலும் இல்லை. இவர் எல்லாவற்றையும் அழித்திருந்தார். தொழில் தெரிந்தவர் அழித்தது, திரும்ப எடுக்க வழியே இல்லை. பிள்ளையின் முகத்தில் பிறர் கண் படக்கூடாது என்றார். நான் சத்தம் போட்டேன், சட்டியை உடைத்தேன், பிறகு பேச்சை நிறுத்தினேன். சோறு போட்டேன், உடுப்புக் கழுவினேன், மகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. இவரும் பேசவில்லை. இந்த மனிதன் போனிலிருந்து மட்டுமல்ல, தனக்குள்ளிருந்தும் அவளை அழித்துவிட்டான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது அதைவிடப் பெரிய சோதனை. அவளுடைய முகம் எனக்கு மறக்கத் தொடங்கியது. நடை தெரிகிறது, குரல் கேட்கிறது, பின்னலின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு படிக்கிறது தெரிகிறது. முகத்தை நினைத்தால் அங்கே ஒன்றும் இல்லை. கனவில் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு வருவாள். மகள், இஞ்சால திரும்புங்க என்று நான் கெஞ்சுவேன். அவள் திரும்பும்போது விழித்துவிடுவேன். பெற்ற தாய்க்குப் பிள்ளையின் முகம் மறக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் ஸப்னாவின் கலியாணம் ஞாபகம் வந்தது. பக்கத்து வளவுப் பிள்ளை, முஸ்பிறாவின் கூட்டாளி. முஸ்பிறா போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்த கலியாணம். மணப்பெண்ணுக்குத் தலை வாரினதே என் மகள்தான், படம் பிடித்தது ஸகியா ராத்தா. ஸப்னா கலியாணத்தோடு கட்டாருக்குப் போய்விட்டாள், அவள் வீட்டு ஆல்பத்தில் முஸ்பிறாவைக் காணவில்லை. நான் ராத்தாவிடம் போய்க் கேட்டேன். அது ஸப்னாட கலியாணப் படம் நபீஸா, அவட உத்தரவில்லாமத் தர ஏலா, கட்டாருக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்றன் என்றார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவருக்கு வருத்தம் முற்றிவிட்டது. படுக்கையில் கிடக்கிறவரிடம் படம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு. ஒரு தரம் பார்த்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை நடந்தது. ஒரு டிஸ்க்கைக் கொழுவினால் நான் திறந்து பார்ப்பேன். கலியாணமா, பாடமா என்று சொல்வேன். கலியாணம் என்றால் நான் படங்களை மூடிய பிறகு இவர் கதிரையைத் திருப்பிக்கொண்டு வந்து அழிக்கத் தொடங்குவார். ஒரு பச்சைப் பட்டை மெல்ல மெல்ல நீளும். மூன்று தரம் எழுதி முடிய ஒரு பகல் போய்விடும். பிறகு இவர் தேடும் மென்பொருளை ஓடவிட்டுச் சுவரைப் பார்ப்பார், நான் திரையைப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்பேன்.

திறந்து பார்க்கிறது என்றால் ஒரு படத்தைப் பார்த்தாலே போதும். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பேயாய்த் தேடினேன். எத்தனை பெண்கள், அல்லாஹ்வே. இப்போது பேரப்பிள்ளை கண்டவர்கள் அங்கே வெட்கத்தோடு நின்றார்கள். தலாக் ஆனவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் மணப்பெண்ணாக நிற்க, அவர்களுக்குப் பின்னால், பிறகு நானே குளிப்பாட்டிய கிழவிகள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோவைத் தட்டினால் கமராவுக்குப் பின்னாலிருந்து ஸகியா ராத்தா கதைத்தார். "இஞ்ச பாருங்க புள்ள." நான் குளிப்பாட்டிக் கபன் இட்ட பெண், எனக்குப் பின்னால் நின்று சொல்கிற மாதிரியே இருக்கும். ஒரு தரம் திரும்பியும் பார்த்துவிட்டேன். இவருடைய முதுகுதான் தெரிந்தது.

சந்தைக்குப் போனாலும் விடவில்லை. மீன் வாங்குகிற பெண்ணின் முகத்திரைக்கு மேல் கண்ணைக் கண்டதும் அவளுடைய தலைமுடி எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் ஸலாம் சொன்னாள். எனக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

அந்தப் பேணியில் பழைய டிஸ்க் ஒன்று இருந்தது. அது ஓடும்போது ஒரு சத்தம் வரும். இழுக்கும், நிற்கும், பிறகு ஒரு விக்கலோடு மறுபடி இழுக்கும். முஸ்பிறாவுக்கு இழுப்பு வந்தால் அச்சாக இப்படித்தான் இருக்கும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து மேசையில் அவள் வாயில் அடிக்கிற பம்பைத் தேடினேன். தேடுகிற கையைக் கண்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. இவர் அந்த நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அழிக்கும் பட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத் தடையில்லை. என் கையைப் பார்த்தார், எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார். அந்தச் சத்தம் அதற்குள் அமுங்கிப் போனது. அதற்கும் எனக்கு இவர்மேல் கோபம்தான் வந்தது.

ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தது. ஸப்னாவின் கலியாணம் ஒன்றிலும் இல்லை. பேணியின் அடியில் ஒரேயொரு டிஸ்க் மிஞ்சியது. நதீரா அன்று காலை வந்து, நாளை மறுநாள் கத்தம், நாளைக்கு அஸர்த் தொழுகைக்குப் பிறகு வந்து பேணியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். இவர் கொழுவிவிட்டுக் கதிரையைத் திருப்பிக்கொண்டார்.

திறந்தேன். பக்கத்து வளவு வாசல் தெரிந்தது. எங்கள் வீட்டு முருங்கை மரமும் மதிலுக்கு மேலால் தெரிந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஸப்னா மருதோன்றிக் கையோடு, ஸப்னா கண்ணாடிக்கு முன், ஸப்னாவின் உம்மா, மாமிமார், சின்னப் பிள்ளைகள். தலை வாருகிற படம் வந்தது. ஸப்னா மட்டும் இருந்தாள். தலை வாரி முடிந்திருந்தது. வாரியவள் இல்லை.

திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். பிறகு இன்னொரு தரம். அந்த அறையில் பகல் முழுக்க நின்றவள் ஒரு படத்திலும் இல்லை.

"என்ன, கலியாணம்தானே?" என்றார் இவர்.

"எங்க அவள்?"

"ஆர்?"

"முஸ்பிறா. ஸப்னாட கலியாணம் இது. தலவாரினவள் அவள். ஒரு படத்துலயும் இல்ல."

இத்தனை காலத்துக்குப் பிறகு மகளின் பெயர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. இவருடைய முதுகு அசையவில்லை.

"அதில இல்ல. தேடாத."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் ராத்தாட்டச் சொன்னன். ஓட்டமாவடியில இருந்து வந்த மறுகிழம. எண்ட புள்ள இரிக்கிற படத்த மட்டும் எடுத்துப் போடுங்க எண்டு."

ராத்தா ஏன் என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது. மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைத் தூக்கி இவருடைய முதுகில் எறிந்திருப்பேன். கை அதுவரைக்கும் போனது.

"பெத்தவள் நான். என்ன ஒரு சொல் கேட்டீங்களா? ஒருக்கா, ஒருக்கா அவள்ட முகத்தப் பாக்க நான் எத்தின வருஷமா அலையிறன் தெரியுமா? எனக்கு அவள்ட முகம் மறந்து போச்சுது. மறந்து போச்சுது மிஹ்லார்."

நான் இவரைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தரம்.

"குளிப்பாட்டிக் கபன் சுத்தி அனுப்ப ஏலாமப் போச்சு" என்றார் சுவரைப் பார்த்து. "ஒரு வாப்பா செய்யிறதுக்கு மிஞ்சினது என்ன? அவள ஒருத்தரும் பாக்காம மூடி வெக்கிறது மட்டுந்தானே. அதயாவது ஒழுங்காச் செய்வம் எண்டு நெனச்சன்."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் அழுதேன், பிறகு வேறு எதற்கோ அழுதேன். இவர் திரும்பவில்லை. திரையில் ஸப்னாவின் படம் இருந்தது, நான் அதை மூடவில்லை. இவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற மாதிரியே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்தா எப்பிடி அழிச்சிருப்பா?"

"எனக்கென்ன தெரியும்."

"அவக்கு டிலீட் பண்ண மட்டுந்தான் தெரியும். மேலால எழுதத் தெரியா." மூச்சை இழுத்துவிட்டார். "அதுக்குப் பிறகு வேற கலியாணம் கனக்க ஏத்தியிராட்டி, கீழ கிடக்கும் நபீஸா. மவுஸப் புடி."

மவுஸைப் பிடித்தேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்கு வழி சொன்னார். இடப்பக்கம் மேலால பூதக்கண்ணாடி மாதிரி ஒண்டு, அத அமத்து. மறுகா ரெண்டாவது டிஸ்க்கத் தெரிவு செய். கீழ ஓம் எண்டு கேக்கும். திரையைக் காணாமலே எல்லாம் சரியாகச் சொன்னார். இரண்டு தரம் பிழையாக அமத்தினேன். இரண்டு தரமும் பொறுமையாக முதலிலிருந்து சொன்னார்.

படங்கள் வரத் தொடங்கின. வெறும் கறுப்பு. கோடு கோடாகக் கிழிந்த நிறங்கள். யாரோ ஒருத்தியின் மருதோன்றிக் கை, கைக்கு மேல் ஆள் இல்லை. லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இவர் எழுந்து பள்ளிக்குப் போகவில்லை. பிறகு ஒரு படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வந்தது.

முடி தெரிந்தது. நடு வகிடு. நெற்றி. புருவம். இடது புருவ நுனியில், படலைக் கம்பியில் அடிபட்ட சின்னத் தழும்பு. அப்படியொரு தழும்பு இருந்ததையே நான் மறந்திருந்தேன். மறந்ததும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண் இரண்டும் வந்தன. நேரே என்னைப் பார்த்தன. சிரிக்கிற கண். அவ்வளவுதான். மூக்குக்குக் கீழே படம் நின்றுபோனது. மிச்சம் முழுக்க மழை மூடிய வானத்தின் நிறத்தில் ஒரு பட்டை.

யா அல்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

"வந்திட்டாளா?" என்றார் இவர்.

"இஞ்சால கிறுகுங்க."

"ஏலா. ஸப்னாவும் நிப்பா. தலத்துணி இல்லாம நிப்பா. நான் நதீராக்கு வாக்குக் குடுத்திரிக்கன்."

"அவள நான் மூடுறன்."

முஸ்பிறாவுக்கு முன்னால் இருந்த ஸப்னாவின் உச்சந்தலை மட்டும்தான் படத்தில் மிஞ்சியிருந்தது. என் முக்காட்டின் நுனியை மடித்துத் திரையில் அந்த இடத்தில் வைத்து உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். மகள் மட்டும் மிஞ்சினாள். "இப்ப கிறுகுங்க" என்றேன்.

இவர் கதிரையைத் திருப்பினார். முதலில் என்னைத்தான் பார்த்தார், பிறகு என் கையை, பிறகு திரையை. கதிரையிலிருந்து இறங்கி மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்றார். "மகள்" என்று மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு உதடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜனாஸா வீட்டில் முகம் பார்க்க வருகிறவர்களை நான் பக்கத்தில் நின்று எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். இந்த மனிதன் பார்த்த மாதிரி ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை. என் கை கடுத்தது. எடுக்கவில்லை.

"வெட்டி எடுத்து உண்ட போன்ல போட்டுத் தாறன்" என்றார் கடைசியில். "ஸப்னா வராம வெட்டலாம். இவள மட்டும். ஒருத்தருக்கும் தெரியா."

இத்தனை வருஷம் நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. என்னை மீறி ஓம் என்று வாய் திறந்தது. அதே நேரம் என் கண் அந்தப் பட்டையில் விழுந்தது. இவ்வளவு நேரமும் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்குக் கீழே பார்த்தேன். என் பிள்ளைக்கு வாய் இல்லை, நாடி இல்லை, கழுத்து இல்லை. நினைவில் அவளுடைய வாயைத் தேடினேன். இந்தப் பட்டைதான் வந்தது.

"வேணாம்" என்றேன்.

"என்ன கதைக்கிறாய்?"

"இத வெச்சிரிந்தா இததான் ஒவ்வொரு நாளும் பாப்பன். நாள் போனா முஸ்பிறா எண்டா இதுதான் எண்டு ஆயிரும். கனவுலயும் வாயில்லாம வருவாள். வேணாம். ராத்தா நம்பித் தந்த அமானிதத்தையும் முறிக்க வேணாம். கண்ணக் கண்டிட்டன், தழும்பக் கண்டிட்டன். போதும்."

"கொஞ்சம் பொறு" என்றார். "இன்னும் கொஞ்சம் பொறு நபீஸா."

மூன்று வருஷம் மகளைப் பற்றி ஒரு சொல் பேசாத வாய் அது. ஒரு காலத்தில் இவர் இப்படிக் கெஞ்சக் கேட்டால் என் மனம் ஆறும் என்று நினைத்திருக்கிறேன். ஆறவில்லை. இவருடைய தலையில் கையை வைத்தேன், முடி நரைத்து மெலிந்து போயிருந்தது. எல்லாரும் பார்த்து முடியும் வரைக்கும் மையத்து வீட்டில் நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. இவர் பார்த்து முடியும் வரைக்கும் நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தானாகவே எழுந்து, கதிரையில் இருந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயே அமத்து. சிவப்பு எழுத்தில இரிக்கிறது."

பிஸ்மி சொல்லி அமத்தினேன். படம் மறைந்து, பச்சைப் பட்டை நீளத் தொடங்கியது. பார்க்கத் தடையுள்ள ஒன்றும் இனித் திரையில் இல்லை. இவர் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. நான் என் கதிரையை இழுத்துக்கொண்டு போய் இவருக்குப் பக்கத்தில், நானும் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். டிஸ்க் இரைந்துகொண்டிருந்தது. முதல் தரம் ஓடி முடிந்து இரண்டாவது தரம் தொடங்கியது.

"வாய் எனக்கு ஞாபகம் இரிக்கி" என்றார் இவர்.

நான் இவர் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

"கீழ் உதட்டுக்கு நடுவுல ஒரு சின்னக் கோடு இரிக்கும், தையல் போட்ட மாதிரி. சிரிச்சா அது விரியும். முதல்ல இடப்பக்கந்தான் சிரிக்கும், மறுகாத்தான் மத்தப் பக்கம் வரும். முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் ஒண்டுல ஒண்டு ஏறி நிக்கும். எண்ட உம்மாக்கும் அப்பிடித்தான்."

"ஓம்" என்றேன். "ஓம், ஏறி நிக்கும்."

"கோவம் வந்தா உதட்ட உள்ளுக்கு மடிச்சிக்குவாள். நாடியில சின்னக் குழி விழும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னும் சொல்லுங்க" என்றேன். இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.